எஸ்டேட் தடுப்பணையில் மீன்படி: ஒரு படிக்கு 30 செ.மீ. இறக்கம் நம்ம ஆத்து மீனுக்குச் சரிவருமா?

சிலிம்காரன் (சிலிம் ரிவர், பேராக்)

வணக்கம். ஆறு, அணை, மீன் பத்தித் தெரிஞ்சவங்க கருத்து வேணும். கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்குங்க.

எங்க எஸ்டேட் நடுவுல ஓடற சின்ன ஆறு சிலிம் ஆத்துல சேருது. சிலிம் ஆறு போய் பெர்னாம்ல விழுது. கித்தா (ரப்பர்) காலத்துல ரப்பர்ப் பால் ஸ்டோருக்குத் தண்ணி எடுக்கக் கட்டுன ஒரு சிமெண்டுத் தடுப்பணை அதுல நிக்குது. உயரம் ஒன்றரை மீட்டர், அகலம் 12 மீட்டர் இருக்கும். கித்தா போய் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்தாச்சு, ஸ்டோரும் இடிச்சாச்சு. தடுப்பணை மட்டும் அப்படியே இருக்கு.

போன வெள்ளத்துல இடது கரை அரிச்சுப் போச்சு. நிர்வாகம் பழுதுபாக்கப் போறாங்க. அதோட சேத்து மீன் ஏறிப் போக ஒரு படியும் கட்டித் தர்றோம்னு சொல்றாங்க. குத்தகைக்காரர் வரைபடம் காட்டினார். வலது கரை ஓரமா அஞ்சு படி, ஒவ்வொண்ணும் 30 செ.மீ. இறக்கம். தொட்டிங்க மொத்தம் ஏழெட்டு மீட்டர் நீளம். மீன் உள்ள நுழையற வாசல் தடுப்பணைக்கு 15 மீட்டர் கீழ, ரோட்டுப் பக்கம்.

இப்படி ஒண்ணு கட்ட முன்வந்ததே எங்க ஊர்ல எல்லாருக்கும் சந்தோஷம், எனக்கும்தான். ஆனா மழை விட்டுத் தண்ணி ஏறும்போது தடுப்பணைக்குக் கீழ நின்னு பாத்தா, அங்க வந்து மோதற மீன்ல முக்கால்வாசி விரல் நீளம், மிஞ்சிப்போனா உள்ளங்கை நீளம். செலுவாங், சின்ன லம்பாம், பாவுங் குஞ்சு. இதுங்க அந்தப் படியில ஏறுமா? ஒரு தடவ சிமெண்டு ஊத்திட்டா அப்புறம் யாரும் மாத்த மாட்டாங்க. அதனால வேலை தொடங்கறதுக்கு முன்னாடியே கேக்கறேன்.

தூண்டில்காரன் (சுங்காய்)

அண்ணே, கெலா, தெங்காஸ், செபாராவ் மூணு மீனுக்கும் நல்ல பலம். பெருசா இருந்தா 30 செ.மீ. ஏறிடும். ஆனா லம்பாம், பாவுங் குதிச்சு ஏறி நான் பாத்ததே இல்ல. பாவுங் அடியிலயே ஊர்ந்து போற மீனு, அதுவும் ராத்திரியில.

பழைய மதகு (தஞ்சோங் மாலிம்)

பாசன வேலையிலேயே வாழ்நாளைக் கழித்தவன் நான். தம்பி கேட்டதற்குக் கணக்காகவே பதில் சொல்லலாம்.

ஒரு தொட்டியிலிருந்து அடுத்த தொட்டிக்கு நீர் இறங்கும்போது அதன் வேகத்தை இறக்கத்தின் உயரம்தான் தீர்மானிக்கிறது. இறக்கத்தை மீட்டரில் எடுத்து, 9.81ஆல் பெருக்கி, மறுபடி இரண்டால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால் வேகம் கிடைக்கும். 30 செ.மீ. இறக்கத்தில் வினாடிக்கு 2.4 மீட்டர். 20 செ.மீ. என்றால் 2 மீட்டர். 10 செ.மீ. என்றால் 1.4. 5 செ.மீ. என்றால் 1 மீட்டர்.

மீனின் பலத்துக்கும் தோராயமான ஒரு கணக்கு உண்டு. முழுமூச்சாகப் பாய்ந்தால் வினாடிக்குத் தன் உடல் நீளத்தைப் போலப் பத்து மடங்கு தூரம் போகும். அதுவும் சில வினாடிதான், பிறகு களைத்துவிடும். 30 செ.மீ. தெங்காஸ் வினாடிக்கு 3 மீட்டர் பாயும். 10 செ.மீ. லம்பாம் 1 மீட்டர். 5 செ.மீ. செலுவாங் அரை மீட்டர். ஆக, அந்த வரைபடத்தில் உள்ள படி ஏறக்குறைய 25 செ.மீ.க்குக் குறைந்த எந்த மீனுக்கும் சுவர்தான். நீங்கள் கண்ணால் பார்த்த மீன்களில் முக்கால்வாசிக்கு அது கட்டியும் கட்டாததுபோல்.

வேகத்தோடு இன்னொன்றையும் பார்க்கவேண்டும். விழுகிற நீரின் சக்தி முழுவதும் அந்தத் தொட்டிக்குள்ளேயே அடங்கவேண்டும். தொட்டி என்பது மாடிப்படிக்கு நடுவில் நின்று மூச்சு வாங்குகிற இடம் மாதிரி. அங்கேயும் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தால் மீன் எங்கே ஓய்வெடுக்கும்? சால்மனுக்குக் கட்டும் தொட்டிகளில் ஒரு கன மீட்டர் நீருக்கு 150 முதல் 200 வாட் வரை விடுவார்கள். சிறுமீன் ஏறவேண்டுமானால் 30 வாட்டை ஒட்டி நிறுத்தவேண்டும்.

உதாரணத்துக்கு, தொட்டிகளுக்கு நடுவே அடிவரை திறந்த செங்குத்துப் பிளவு வைக்கிறோம் என்று கொள்ளுங்கள். அகலம் 15 செ.மீ., நீர் ஆழம் 60 செ.மீ., இறக்கம் 10 செ.மீ. வினாடிக்கு ஏறக்குறைய 90 லிட்டர் ஓடும். அதன் சக்தி 88 வாட். அதை 30க்குள் அடக்க 3 கன மீட்டர் தொட்டி வேண்டும்: இரண்டரை மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 60 செ.மீ. ஆழம். ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு 15 இறக்கம், 14 தொட்டி. 35 மீட்டருக்குக் குறையாது. இடம் இல்லாவிட்டால் பாதியில் மடித்துத் திருப்பலாம். ஏழெட்டு மீட்டரில் முடிக்கிற காரியம் இல்லை இது. அதே பிளவை 30 செ.மீ. இறக்கத்தில் அந்தச் சின்னத் தொட்டியில் வைத்தால் கன மீட்டருக்கு 250 வாட்டைத் தாண்டிவிடும்.

பிளவு அடிவரை திறந்திருப்பதில் இன்னொரு நன்மை: சுங்காய்த் தம்பி சொன்ன பாவுங் போன்றவை தரையை ஒட்டியே போகலாம், யாரும் குதிக்கத் தேவையில்லை. அடியில் கூழாங்கல் பதித்துவிட்டால் அங்கே வேகம் இன்னும் குறையும்.

சிலிம்காரன்

ஐயா, மிக்க நன்றி. கணக்கப் படிச்சதும் வயித்துல புளியக் கரைச்சுது. அந்த வரைபடம் எங்கிருந்து வந்திருக்கும்? அவங்க ஏமாத்தற ஆளுங்க இல்ல, நல்ல மனசோடதான் செய்றாங்க.

பயோ டீச்சர் (தாப்பா)

நல்ல மனசு என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. உலகம் முழுக்க நடந்ததுதான் இங்கேயும் நடக்கிறது. மீன்படி என்றாலே பலருக்கும் நினைவுக்கு வருவது அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில் 1938இல் திறந்த போனவில் அணையின் படிகள். அவை சால்மனுக்காகக் கட்டியவை. சால்மன் கடலில் வளர்ந்து, கை நீளத்துக்குப் பெரிதாகி, முட்டையிட மேலே ஏறி வரும். பலமும் அதிகம், குதிக்கும் பழக்கமும் உண்டு.

நம் ஆறுகள் அப்படி இல்லை. ஒரே வகை மீன் ஒரே பருவத்தில் ஏறுவது கிடையாது. பத்து, இருபது, முப்பது வகை, குஞ்சும் பெரியதுமாக, பகலில் சில, இரவில் சில. முட்டையிட மட்டும் ஏறுவதில்லை. வெள்ளத்தில் முங்கிய சதுப்புக்கு இரை தேடிப் போவதும், தண்ணீர் வற்றும்போது ஆழமான குழிக்குத் திரும்புவதும் அவற்றின் வாழ்க்கை. பெரிய மீனுக்கு மட்டும் வழி திறந்தால் ஆறு பாதிகூடத் திறக்கவில்லை.

இதற்குப் பெரிய விலை கொடுத்த இடம் பக்கத்திலேயே இருக்கிறது. தாய்லாந்தில் முன் (Mun) என்ற ஆற்றில் 1994இல் பாக் முன் அணை முடிந்தது. உயரம் 17 மீட்டர். மீன்படியும் வைத்தார்கள். அது பயன் தரவில்லை. உலக அணைகள் ஆணையம் 2000இல் வெளியிட்ட ஆய்வின்படி, அணைக்கு நேர் மேலே உள்ள பகுதியில் மீன்பிடி 60 முதல் 80 விழுக்காடு வரை குறைந்தது. மீனவக் குடும்பங்கள் பல ஆண்டுகள் போராடின. 2001இல் மதகுகளைத் திறந்து பார்த்தார்கள்.

ஆஸ்திரேலியாவின் மர்ரே ஆற்றிலும் 1930களில் சால்மன் பாணியில் செங்குத்தாகக் கட்டிய படிகளில் உள்ளூர் மீன் ஏறவில்லை. 1991இல் டோரம்பாரி என்ற இடத்தில் சரிவைக் குறைத்து, மதகு ஐயா சொன்ன செங்குத்துப் பிளவு முறையில் கட்டினார்கள். அது வேலை செய்தது. 2001இலிருந்து கடல் முகத்திலிருந்து ஹியூம் அணை வரை வரிசையாக எல்லாத் தடுப்பிலும் மீன்வழி அமைத்தார்கள். அந்த அனுபவத்தோடு வந்த ஆய்வாளர்கள் லாவோஸ் ஆய்வாளர்களோடு சேர்ந்து, மேக்கோங் பக்கம் பாக் பெங் சதுப்பு நிலத்தில், முதலில் உள்ளூர் மீனை வைத்தே மாதிரிகளைச் சோதித்துப் பார்த்த பிறகுதான் நிரந்தரமான ஒன்றைக் கட்டினார்கள். கான்கிரீட்டுக்கு முன்னால் மீனைப் பார்த்தார்கள். சிலிம் தம்பி தடுப்பணைக்குக் கீழே நின்று பார்த்ததும் அந்த வேலையின் முதல் படிதான்.

காவிரிக்கரை (சேலம்)

மலேசிய நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் ஊர்க் கதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1934இல் மேட்டூர் அணை வந்தது. அதற்கு முன் கடலிலிருந்து உள்ளம் மீன் காவிரியில் ஏறி வரும். விலாங்கும் வரும். அணைக்குப் பிறகு வெள்ளத்தின் போக்கே மாறிவிட்டது, மீனுக்கு வழியும் இல்லை, மேல் காவிரியில் உள்ளம் அற்றுப்போனது. இன்று எங்கள் பக்கத்தில் உள்ளம் என்று சொன்னால் இளைஞர்களுக்கு அது வங்காளத்து மீன்.

செம்பனை ரோடு (பீடோர் பக்கம்)

நான் எஸ்டேட்ல ஃபீல்டு கண்டக்டர். வேற ஒரு விஷயத்த எடுத்து வைக்கறேன்.

தடுப்பணை ஒண்ணுதான் கண்ணுக்குத் தெரியுது. ஃபீல்டு ரோடு ஓடையக் கடக்கற இடத்துல எல்லாம் சிமெண்டுக் குழாய் போட்டு மண்ணு மூடியிருக்கோம். பழம் ஏத்துற லோரி போகணும்ல. அந்தக் குழாயோட கீழ்வாயப் போய்ப் பாருங்க. போட்டப்ப ஓடைத் தரைக்குச் சமமா இருந்திருக்கும். வருஷக்கணக்கா தண்ணி விழுந்து விழுந்து கீழ குழி பறிச்சிடும். இப்ப குழாய் வாய் தண்ணிக்கு மேல அந்தரத்துல தொங்குது. ஒரு அடி தொங்கினாலே செலுவாங்குக்கு அது மலை. அப்படியே உள்ள போனாலும் குழாய் வழவழன்னு இருக்கும், வேகம் குறையற எடமே இல்ல. வினாடிக்கு ஒரு மீட்டர் ஓடற குழாய்ல பத்து செ.மீ. மீன் முழு மூச்சாப் பாஞ்சாலும் நின்ன எடத்துலயேதான் நிக்கும், மதகு ஐயா கணக்குப்படியே.

தடுப்பணையில லட்சக்கணக்குல செலவு பண்ணிட்டு, அதுக்கு மேல இருக்கற ஓடைங்க எல்லாம் குழாயால அடைஞ்சு கெடந்தா, மீனு ஏறி எங்க போகும்?

தூண்டில்காரன்

கண்டக்டர் அண்ணே மேல போய்ப் பாக்கச் சொல்றாரு. நான் கீழப் பாக்கச் சொல்றேன். பெர்னாம் ஆத்துல பெரிய தலைமதகு இருக்கு. அங்கிருந்து வாய்க்கால் வழியா தெங்கி ஆத்துக்குத் தண்ணியத் திருப்பித்தான் தஞ்சோங் காராங் நெல்வயலுக்குப் போகுது. பேராக் ஆத்துல சென்டேரோ அணை 1930லயே வந்தாச்சு, அதுக்கு மேல கெனெரிங், பெர்சியா, தெமங்கோர் வரிசையா நிக்குது. தெமோலே மாதிரி பெரிய மீனுக்கெல்லாம் அங்கதான் பிரச்சினை. அது வெளிநாட்டு வியாபாரமே தடை செய்யப்பட்ட மீனு, அவ்வளவு அழிஞ்சு போச்சு. இந்த ஒன்றரை மீட்டருக்கு இவ்வளவு பேசணுமான்னு ஒரு நினைப்பு வருது. தப்பா எடுத்துக்காதீங்க.

பயோ டீச்சர்

தப்பா எடுக்க என்ன இருக்கிறது, சரியான கேள்விதான். கடலையும் மலையையும் இணைக்கிற நெடும்பயணம் சில உயிர்களுக்கு மட்டும்தான். விலாங்கு கடலில் முட்டையிடும், குஞ்சு ஆற்றில் ஏறும். உடாங் காலா என்ற ஆற்று இறாலும் ஏறக்குறைய அப்படித்தான்: தாய் இறால் உப்புக் கலந்த கழிமுகத்துக்கு இறங்கிக் குஞ்சு பொரிக்கும், குட்டி இறால் ஆற்றோரமாக ஊர்ந்து மேலே வரும். அவற்றுக்குக் கீழே உள்ள ஒவ்வொரு தடுப்பும் கணக்கு. தலைமதகைப் பற்றியும் பேசத்தான் வேண்டும், தனி இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன்.

ஆனால் லம்பாம், செலுவாங், பாவுங், தெங்காஸ் எல்லாம் சில கிலோமீட்டருக்குள்ளேயே ஏறி இறங்குகிறவை. பெரிய ஆற்றில் வளர்ந்து, மழைக்குச் சின்ன ஆற்றில் ஏறி, சரளைக்கல் படுகையிலோ வெள்ளம் ஏறிய புல்லிலோ முட்டையிடும். அவற்றின் உலகம் முழுவதும் உங்கள் ஊர் ஆறும் அதன் ஓடைகளும்தான். அந்த ஒன்றரை மீட்டர்தான் அவற்றுக்கு எல்லாம்.

கோயில் மேடு (சிலிம் ரிவர்)

நானும் அதே எஸ்டேட்தான், ஆத்தோர லயத்துல இருக்கேன். எல்லாரும் மீனப் பத்திப் பேசறீங்க, நல்லதுதான். தடுப்பணைக்கு மேல தேங்கி நிக்கற தண்ணியில எங்களுக்கும் பங்கு இருக்கு. முனியாண்டி கோயில் திருவிழாவுக்குக் கரகம் அங்கதான் பாலிக்கறோம். குழாய்த் தண்ணி நின்னு போற நாள்ல லயத்துக்காரங்க துணி துவைக்கறதும் அங்கதான். யாராச்சும் "தடுப்பணையே வேணாம், இடிச்சிடு"ன்னு சொல்லிடுவீங்களோன்னு பயந்துக்கிட்டுத்தான் எழுதறேன்.

செம்பனை ரோடு

அக்கா, நான் அதத்தான் எழுத வந்தேன். மன்னிக்கணும், மனசுல பட்டத மறைக்க விரும்பல. ஸ்டோர் இல்ல, தண்ணி எடுக்கறதும் இல்ல. யாருக்கும் தேவையில்லாத தடுப்பணைக்குப் படி கட்டறதவிட எடுத்துடறதுதான் நல்ல மீன்வழி. அமெரிக்காவுல எல்வா ஆத்துல ரெண்டு பெரிய அணைங்களையே 2011லேருந்து 2014க்குள்ள எடுத்தாங்க.

இன்னொண்ணு: நம்ம செம்பனை எஸ்டேட் எல்லாத்துக்கும் எம்எஸ்பிஓ (மலேசிய நிலைத்தன்மை செம்பனை எண்ணெய்) சான்றிதழ் 2020லேருந்து கட்டாயம். அந்தத் தரநிலையில, எஸ்டேட் வழியா ஓடற முக்கியமான ஆத்துக்குக் குறுக்க கரை, தடுப்பணை, அணை எதுவும் கட்டக்கூடாதுன்னு இருக்கு. இது பழைய கட்டு, அந்த விதி வர்றதுக்கு முன்னாடியே நின்னது. ஆனாலும் இடிஞ்சத திரும்ப உயர்த்திக் கட்டும்போது தணிக்கைக்காரர் கேள்வி கேப்பார். நிர்வாகத்துக்கிட்ட பேசும்போது இத எடுத்துச் சொல்லலாம், அவங்களுக்கும் நல்லது.

கோயில் மேடு

தம்பி, அமெரிக்கா கத வேற. அங்க யாரு கரகம் பாலிக்கறாங்க. எங்க பாட்டி காலத்துலேருந்து சாமி குளிச்ச எடம். மீனு வரணும்னு நானும் ஆசப்படறேன், எங்கப்பா அங்க பாவுங் பிடிச்சுத்தான் எங்களுக்குக் கொழம்பு வெச்சார். ரெண்டும் இருக்கற மாதிரி ஒரு வழி சொல்லுங்க.

பழைய மதகு

அம்மா சொல்வது நியாயமான கேள்வி. அதற்கு ஒரு வழி இருக்கிறது. எனக்கு அதுதான் தொட்டிப்படியைவிடப் பிடித்தது.

சிலிம் தம்பி, திருவிழாவின்போது அங்கே எவ்வளவு ஆழம் வேண்டும் என்று கேட்டுச் சொல்லுங்கள். இடுப்பளவு போதும் என்றால் தடுப்பணையின் தலையை அரை மீட்டர் வெட்டிக் குறைக்கலாம். மிச்சம் ஒரு மீட்டர். அதற்குக் கீழே ஆற்றின் முழு அகலத்துக்கும் பாறைகளைப் போட்டு 30க்கு 1 என்ற சரிவில் இறக்கினால் 30 மீட்டர் நீளம். இரண்டு மீட்டருக்கு ஒரு வரிசை பெரிய பாறை குறுக்கே வைத்தால் ஒவ்வொரு வரிசையிலும் 7 செ.மீ. இறக்கம்தான் விழும். பார்ப்பதற்கு மலையோரத்து ஆறுபோலவே இருக்கும்.

குறுக்குவெட்டு நடுவில் தாழ்ந்து ஓரங்களில் உயரவேண்டும். வறட்சியில் இருக்கிற கொஞ்ச நீரும் நடுவில் ஆழமாக ஓடும், தெங்காஸ் அதில் ஏறும். தண்ணீர் கூடும்போது நடுவில் வேகம் அதிகரித்தாலும் ஓரத்துப் பாறை இடுக்குகளில் மெதுவாக வழியும், செலுவாங்கும் குட்டி இறாலும் அந்த ஓரத்தைப் பிடித்து ஏறும். நீர்மட்டம் எவ்வளவு இருந்தாலும் எங்கோ ஓரிடத்தில் ஒரு மீனுக்கு ஏற்ற வேகம் கிடைக்கும். தொட்டிப்படியில் இந்த வசதி இல்லை, அது ஒரே அளவு நீருக்குச் சரியாக இருக்கும், ஏறினாலும் இறங்கினாலும் கெடும்.

முழு அகலச் சரிவில் வாசல் பிரச்சினையும் இல்லை. அந்த வரைபடத்தில் எனக்குப் படியைவிட அதிகக் கவலை தந்தது வாசல்தான். மீன் எதிர்நீச்சலில் போக முடிகிற கடைசி இடம்வரை போகும். தடுப்பணையின் அடியில் போய் முட்டித்தான் நிற்கும். 15 மீட்டர் பின்னால் இருக்கிற வாசலைத் தாண்டிப் போனது திரும்பி வந்து தேடாது. தொட்டிப்படிதான் கட்டவேண்டும் என்றாலும் வாசல் தடுப்பணையின் அடியிலேயே, மீன் கூடுகிற கரையிலேயே இருக்கவேண்டும். அங்கிருந்து வெளிவரும் நீரும் மீன் கவனிக்கிற அளவுக்கு இருக்கவேண்டும். ஆற்று ஓட்டத்தில் 5 முதல் 10 விழுக்காடாவது வாசல் வழியே வரவேண்டும் என்பார்கள்.

தம்பி, மீன் எந்தக் கரையில் கூடுகிறது?

சிலிம்காரன்

இடது கரை, ஐயா. அரிச்சுப்போன மூலையிலதான். வலது பக்கம் தண்ணி மெல்லிசா வழியுது, அங்க ஒண்ணும் நிக்கறதில்ல. வரைபடத்துல வலது பக்கம் போட்டது ரோடு அங்க இருக்கறதால. பேக்கோ (மண் தோண்டற இயந்திரம்) இறங்க வசதி.

கோயில் தலைவர்கிட்டக் கேட்டேன். கரகத்துக்கு முழங்கால் ஆழமே போதும்னார். அரை மீட்டர் குறைக்கறதுக்கு அவருக்குச் சம்மதம், ஆனா பூசை போட்டுட்டுத்தான் வெட்டணும்னு சொன்னார். சரின்னு சொல்லிட்டேன். கோயில் மேடு அக்காவும் பக்கத்துல இருந்தாங்க.

பழைய மதகு

ரோடு ஒரு கரையில், மீன் ஒரு கரையில். இதை வரைபடத்தின் மேலேயே சிவப்பு மையில் எழுதிக் கொடுங்கள். இடது கரையை எப்படியும் கல் போட்டுப் பலப்படுத்தத்தான் போகிறார்கள். அந்தக் கல்லோடு சேர்த்து சரிவுக்கும் கல் இறக்கினால் பேக்கோ இரண்டு முறை வரத் தேவையில்லை.

தூண்டில்காரன்

இன்னொரு பயம் எனக்கு. இப்ப ஆத்துல கீழ இருந்து வர்றது நம்ம மீனு மட்டுமில்ல. ஈக்கான் பண்டாராயா, ஆப்பிரிக்கக் கெளுத்தி, மயில் பாஸ்னு வெளியூர் மீனு எல்லாம் ஏறுது. தடுப்பணை இதுநாள் வரைக்கும் மேல் ஆத்தக் காப்பாத்திச்சுன்னா, வழி திறந்துவிட்டு நாமே கெடுத்த மாதிரி ஆயிடாதா?

பயோ டீச்சர்

இந்தக் கேள்வியை ஒதுக்கக்கூடாது. மேலே அந்நிய மீன் இல்லவே இல்லை, கீழே நிறைய இருக்கிறது என்றால், சில இடங்களில் தடுப்பை அப்படியே விடுவதுதான் சரி. கட்டுவதற்கு முன் மேலும் கீழும் ஒரே மாதிரி வலை வீசிப் பார்க்கவேண்டும். மீன்வளத்துறையிடம் சொல்லிவிட்டு அவர்களோடு சேர்ந்து செய்யுங்கள். மேலே பண்டாராயா ஏற்கெனவே இருந்தால் தடுப்பு அதை நிறுத்தவில்லை, நம் மீனைத்தான் நிறுத்துகிறது.

அதே கணக்கு பிறகு சோதனைக்கும் உதவும். எந்த மீன், எவ்வளவு நீளம் என்று மேலும் கீழும் இப்போதே குறித்து வைத்தால், சரிவு கட்டியபின் அதே இடத்தில் அதே மாதத்தில் மறுபடி பார்க்கலாம். மேலே பெரிய மீன் மட்டும் கூடியிருந்தால் சிறியதற்கு வழி கிடைக்கவில்லை என்று தெரியும். என் மாணவர்களை அழைத்து வரத் தயார்.

சிலிம்காரன்

தடுப்பணைக்கு மேல முதல் குழாய் வரைக்கும் நடந்து பாத்தோம். தூண்டில்காரன் தம்பியும் சுங்காய்லேருந்து வந்தார். பண்டாராயா மேலயும் இருக்கு. சின்னதும் பெருசுமா. யாரோ மீன்தொட்டியிலேருந்து கொண்டு வந்து விட்டிருக்கணும். லம்பாம் மேல ஒண்ணுகூட வலையில விழல, கீழ நிறைய. டீச்சர் சொன்ன ரெண்டாவது கதைதான் எங்க ஆத்துக் கதை.

குழாயும் பாத்தோம். கண்டக்டர் அண்ணன் சொன்ன மாதிரியே கீழ்வாய் தொங்குது, முழங்கால் உயரம்.

செம்பனை ரோடு

அந்தக் குழாய்க்குப் பெரிய செலவு வேணாம். குழாய் வாய்க்குக் கீழ கொஞ்ச தூரத்துல கல்ல அடுக்கி ஓடைத் தரைய உயர்த்துங்க, ஒரே சுவரா வேணாம், சரிவா ரெண்டு மூணு வரிசையா. தண்ணி பின்னுக்கு ஏறி குழாய் வாய மூடும். குழாய்க்குள்ளயும் ஆழம் கூடும், வேகம் குறையும். வெள்ளத்துக்குக் குழாய் போதுமான அளவு இருக்கான்னு மட்டும் முதல்ல பாத்துக்குங்க, இல்லாட்டி ரோடு போயிடும். நியூசிலாந்துல சிப்பி வளக்கற பிசிறுக் கயிறக் குழாய்க்குள்ள நீளமா இழுத்துக் கட்டி விடறாங்க, சின்ன மீனும் இறாலும் அதப் பிடிச்சு ஏறுதாம்.

அடுத்த தடவ குழாய் மாத்தும்போது பெரிய குழாயா எடுத்து, அதோட அடிய ஓடைத் தரைக்குள்ள கால்வாசி புதைக்கச் சொல்லுங்க. மண்ணும் கல்லும் உள்ளயே படியும், மீனுக்குக் குழாய்ங்கறதே தெரியாது. என் டிவிஷன்ல இனிமே அப்படித்தான் கேக்கப் போறேன்.

தூண்டில்காரன்

நடந்து பாத்ததுல ஒண்ணு சொல்லணும். மீனு வரிசையா ஏறற எடம் தெரிஞ்சுட்டா ராத்திரியில கரண்டு வெச்சுப் பிடிக்க ஆளு வருவான், மீன மயக்கற துபா வேர் விஷத்தக் கலக்கவும் வருவான். ரெண்டும் 1985 மீன்வளச் சட்டத்துல குத்தம். சட்டம் சொன்னா மட்டும் போதாது, ஊரே பாத்துக்கணும். சரிவுக்கு மேலயும் கீழயும் 100 மீட்டருக்குத் தூண்டிலும் வேணாம், வலையும் வேணாம்னு கோயில் கூட்டத்துலயே முடிவு பண்ணி போர்டு வெச்சிடுங்க. தமிழ், மலாய், வங்காளம் மூணுலயும் எழுதணும், இப்ப எஸ்டேட்ல வேல பாக்கறவங்க பாதிப் பேரு வங்காளதேசத்துக்காரங்க. தூண்டில் போடறவன் நானே சொல்றேன், முதல் ஆளா நான் அங்க போட மாட்டேன்.

கோயில் மேடு

போர்டு நாங்க வெக்கறோம். ராத்திரி லைட்டு தெரிஞ்சா லயத்துலேருந்தே குரல் கொடுப்போம்.

பழைய மதகு

வேலைக்கு முன் சில விஷயம். ஆற்றுக்குள் எதைக் கட்டினாலும், வெட்டினாலும் அனுமதி வேண்டும், 1920ஆம் ஆண்டின் நீர்ச்சட்டம் பேராக்கில் செல்லும். மாவட்ட ஜேபிஎஸ் (வடிகால், நீர்ப்பாசனத் துறை) அலுவலகத்துக்கு நிர்வாகம் எழுதட்டும், நீங்களும் கூடப் போங்கள். நீர்மட்டத்தை அரை மீட்டர் குறைக்கிறோம் என்பதை முதல் பத்தியிலேயே சொல்லுங்கள், வெள்ள நேரத்தில் அது நல்லதுதான் என்று அவர்களும் பார்ப்பார்கள்.

நம் பக்கம் ஜூன், ஜூலையில் மழை குறையும். கல் வேலையை அதற்குள் முடிக்கவேண்டும். அக்டோபர், நவம்பர் மழையில்தான் மீன் பெருங்கூட்டமாக ஏறும், அந்த மழைதான் கல்லையும் சோதிக்கும். முதல் வெள்ளத்தில் சில பாறைகள் நகரும், அது இயல்பு. திரும்ப வந்து சரிசெய்யும் செலவை இப்போதே குத்தகையில் எழுதி வைக்கவேண்டும். எழுதாவிட்டால் யாரும் வரமாட்டார்கள். செம்பனை மட்டையும் மரத்தண்டும் வந்து அடைக்கும், மழைக்குப் பிறகு எடுத்துவிட ஒரு ஆளை நியமிக்கச் சொல்லுங்கள். கடைசி வரிசைப் பாறைகள் ஆற்றுத் தரைக்குள் ஆழமாகப் புதைந்திருக்கவேண்டும். அங்கேதான் அரிப்பு தொடங்கும், அது அரித்தால் குழாய் வாய் தொங்கியதுபோல சரிவின் வாயும் தொங்கிவிடும்.

அளவு எடுக்க என்னால் வர முடியும். மட்டக்கருவி என்னிடம் பழையது இருக்கிறது, முக்காலியும் இருக்கிறது. அளவுகோல் பிடிக்க இரண்டு பேர் வேண்டும்.

சிலிம்காரன்

ஐயா, வாங்க. அளவுகோல் பிடிக்க நானும் தூண்டில்காரன் தம்பியும் இருக்கோம். மேனேஜர்கிட்ட இன்னிக்குப் பேசினேன். 30 செ.மீ. கணக்கத் தாள்ல எழுதிக் காட்டினதும் குத்தகைக்காரரக் கூப்பிட்டு, வரைபடத்த நிறுத்தி வைக்கச் சொன்னார். இடது கரைக்குக் கல் எப்படியும் வருதேன்னு அவரே கேட்டார். சரிவுக்கு எத்தன லோரி கல்லுன்னு கணக்குக் கேக்கறாங்க. 12 மீட்டர் அகலம், 30 மீட்டர் நீளம், ஒரு மீட்டர்லேருந்து சைபர் வரைக்கும் இறங்கற ஆழம், கல்லு சராசரியா எவ்வளவு கனம் வரும்னு நீங்க சொல்லிட்டா நாளைக்கே கொடுத்துடலாம்.

பழைய மதகு

சரிவின் கனம் மட்டும் 12 பெருக்கல் 30 பெருக்கல் அரை, 180 கன மீட்டர். அடியில் புதைப்பதற்கும் இடது கரைக்கும் தனி. ஆற்றுத் தரையை மட்டம் பார்க்காமல் அதற்கு மேல் எண் சொல்லமாட்டேன். இப்போதைக்கு 180ஐக் கொடுங்கள், "குறைந்தபட்சம்" என்று பக்கத்தில் எழுதுங்கள். கிரானைட் கல், 60 முதல் 80 செ.மீ. வரை, கலந்த அளவு. வழவழவென்று உருண்டை வேண்டாம், முனை உள்ள கல்லாகக் கேளுங்கள், ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும். இடுக்கில் நிரப்பச் சின்னக் கல்லும் சரளையும் கூடவே வரவேண்டும், இல்லாவிட்டால் வறட்சியில் தண்ணீர் முழுவதும் கல்லுக்கு அடியில் போய்விடும், மேலே மீனுக்கு ஒன்றும் இருக்காது.